கலியன் பார்த்த பனி

வெண்மதி ஸ்டூலின் மேல் ஏறி நின்று பரணிலிருந்த டிரங்குப் பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தாள். பெட்டி பாதி வெளியே வந்ததும் பழைய மின்விசிறியின் றெக்கையில் மாட்டிக்கொண்டது. கீழே நின்று பிடிக்க ஆளில்லை. முன்னறையில் அப்பா கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தார். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களின் அழுகை புதிதாக ஆள் வரும்போது ஏறி, வந்தவர்கள் உட்கார்ந்ததும் தணிந்தது.

"கோட்டு கெடச்சிச்சாக்கா?" தம்பி வளவன் வாசலிலிருந்தே கத்தினான். "அருண்ராஜ் கெளம்பிட்டானாம். தேசியக்கொடி எடுத்துக்கினு வரான். அதுக்குள்ள அப்பா மேல கோட்டப் போட்டுடணும்."

அவள் றெக்கையை ஒரு கையால் தள்ளிப் பெட்டியை நெஞ்சோடு அணைத்து இறக்கினாள். அந்துருண்டை வாசனையோடு கோட்டு மேலாகவே இருந்தது. முழங்கால் வரை தொங்கும் பச்சைக் கோட்டு. ஒவ்வொரு ஆகஸ்டு பதினைந்துக்கும் அப்பா அதைத்தான் போடுவார். நெய்வேலி வெயிலில் முதுகெல்லாம் நனைந்து வழியும். கொடி ஏறி முடியும் வரை பொத்தானைக் கழற்ற மாட்டார்.

அவள் அதை உதறிக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா சின்னம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அத எடுத்துக்கினு உள்ள போ."

"தம்பிதாம்மா போடச் சொன்னான்."

"கோட்டு வேணாம். உள்ள வெச்சிடு."

அழுதுகொண்டிருந்த பெண்களில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா இப்படி வெட்டிப் பேசி வெண்மதி கேட்டதில்லை. யார் எது சொன்னாலும் "செய்யேன், என்னா இப்ப" என்று போகிறவள் அவள். ஏன் என்று கேட்க வெண்மதிக்கு நாக்கு நுனி வரை வந்தது. இத்தனை பேர் முன்னால் கேட்க முடியவில்லை. கோட்டை மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

அப்பாவைக் கலியன் என்றால் பாதிப் பேருக்குத் தெரியாது. மிலிட்டரி என்றால்தான் தெரியும். கம்மாபுரத்துப் பக்கம் அவர்கள் ஊர் இருந்த இடம் இப்போது சுரங்கத்துப் பள்ளம். சேரியிலிருந்தவர்கள் எல்லாரும் டவுன்ஷிப்புக்கு வெளியே ஒரு காலனிக்கு வந்து சேர்ந்தார்கள். கலியன் கான்ட்ராக்டில் சேர்ந்து, கன்வேயருக்கு அடியில் சிந்துகிற நிலக்கரியை வாரிக்கொட்டும் வேலையிலேயே கடைசி வரை இருந்தார். ஆனால் விடிவதற்கு முன் அவர் வேறு ஆள். காலனிப் பையன்களைக் கிரவுண்டுக்கு ஓட்டிக்கொண்டு போய் ஓடவிடுவார், கயிறு ஏறவிடுவார். அப்படி ஓடியவர்களில், அருண்ராஜ் உட்பட, பலர் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். மகள் வெண்மதியின் புருஷன் மதிவாணன் பர்மனென்ட் ஆகிக் குவார்ட்டர்ஸ் கிடைத்த பிறகு, கலியனும் சின்னம்மாளும் மகளோடு வந்து இருந்தார்கள். இங்கேயும் ஒரே மாதத்தில் பிளாக் முழுக்க அவர் மிலிட்டரிதான்.

சிறுவயதில் வெண்மதி அவரைக் கேட்காத கேள்வி இல்லை. பனி எப்படி இருக்கும்? தொட்டால் என்ன ஆகும்? இருட்டில் தெரியுமா? அவர் அலுத்துக்கொள்ளாமல் சொல்வார். "தொறந்த ஒடனே பொக மாரி மூஞ்சில அடிக்கும். மொதல்ல கையி எரியும். அப்பறம் கையே இல்லாத மாரி ஆயிடும். அப்பதான் பயப்படணும்." எதைத் திறந்த உடனே என்று கேட்க அவளுக்கு அந்த வயதில் தோன்றவில்லை. அவருக்கு இடது காது கேட்காது. எல்லையில் குண்டு விழுந்த சத்தத்தில் போனது என்பார். பள்ளிக்கூடத்தில் அப்பாவைப் பற்றி எழுதச் சொன்னபோது அவள் அந்தக் காதைப் பற்றித்தான் எழுதினாள்.

கோட்டை வைத்துவிட்டு அவள் திரும்பி வந்தபோது முன்னறையில் கூட்டம் குறைந்திருந்தது. வெளியே சாமியானாவில் டீ கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா உள்ளங்கையைக் கண்ணாடி மேல் வைத்திருந்தாள். அவள் விரல்களைச் சுற்றி ஆவி படிந்திருந்தது.

"கையி சில்லுன்னு ஆயிடும்மா. எடு."

"அவுருக்கு இந்தக் குளுரு பழக்கந்தான்" என்றாள் சின்னம்மாள்.

"ஆமா. காஷ்மீரப் பாத்தவராச்சே."

அம்மா கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "காஷ்மீரு இல்ல" என்றாள். பிறகு, சொன்னதைத் திரும்ப விழுங்க முடியாதவள் போல எழுந்து, சமையலறை வழியாகக் கொல்லைப் பக்கம் நடந்தாள். வெண்மதி பின்னாலேயே போனாள்.

கொல்லையில் பலாமரத்தடியில் துவைக்கிற கல். அம்மா அதில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொண்டுவரச் சொல்வாள் என்று வெண்மதி நின்றாள். அவள் கேட்கவில்லை.

"கோட்ட எம்மேல போட்டு அனுப்பாதன்னு அவருதான் சொன்னாரு. போன வருசமே சொல்லிட்டாரு."

"ஏன்?"

"அவுரு பட்டாளத்துல இல்லடி."

பலாமரத்தில் காக்கை ஒன்று கத்திக்கொண்டிருந்தது. வெண்மதிக்கு முதலில் வந்தது அழுகையோ கோபமோ இல்லை. ஒரு கேள்விதான் வந்தது.

"அப்ப அத்தன வருசம் எங்க இருந்தாரு?"

"ஐஸ் கம்பெனில."

சின்னம்மாள் மெதுவாகச் சொன்னாள். கடலூரில் ஆள் எடுத்தபோது கலியன் ஓட்டத்தில் முதலாவதாக வந்தார். சேரியே மாலை போட்டுத் தப்படித்து ரயில் ஏற்றிவிட்டது. அந்தத் தெருவிலிருந்து அப்படி ஒருவர் போவது அதுதான் முதல் தடவை. ட்ரெயினிங் தொடங்கும் முன் செகந்தராபாத்தில் மறுபடி ஒரு டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். சவ்வில் ஓட்டை இருந்தது. சின்ன வயதில் ஏரியில் குதித்துச் சீழ் பிடித்த காது. ஊருக்குப் போ என்று சொல்லிவிட்டார்கள்.

"மால வாடுறதுக்குள்ள எப்பிடித் திரும்பிப் போறதுன்னு அங்கயே ஒரு ஐஸ் கம்பெனில சேந்துட்டாரு. பாளம் பாளமா எடுத்து ரூமுக்குள்ள அடுக்கற வேல. ஏழு வருசம் இருந்தாரு."

தொறந்த ஒடனே பொக மாரி மூஞ்சில அடிக்கும். வெண்மதி கண்ணை மூடித் திறந்தாள். ஐஸ் அறையின் கதவு.

"சரி, ஊருக்கு வந்தப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

"சொல்லணும்னுதான் வந்தாராம். மார்கழி மாசம். பழைய துணி விக்கிற எடத்துல வாங்குன அந்தக் கோட்டப் போட்டுக்கினு, முடிய ஒட்ட வெட்டிக்கினு கம்மாபுரத்துல பஸ்ஸ வுட்டு எறங்கியிருக்காரு. டீக்கடையில ஊர்த் தெருக்காரரு ஒருத்தரு. எங்க மாமனாரு அவருகிட்டதான் பண்ணையம் பாத்தது. அவுரு எழுந்து, 'பட்டாளத்துலேருந்து வரீங்களா? உக்காருங்க'ன்னு பெஞ்சியில எடம் வுட்டாராம். அந்தக் கடையில உங்கப்பா பெஞ்சில குந்துனதே கெடையாது. எட்ட நின்னுதான் குடிப்பாங்க. 'வரீங்களா, உக்காருங்க'. அந்த ஆளு வாயிலேருந்து. இல்லீங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல சின்னம்மான்னாரு."

"அதோட உட்டிருக்கலாம்ல. குண்டு விழுந்துச்சி, காது போச்சின்னு..."

"ஒண்ணு சொன்னா அடுத்தது கேக்கறாங்களே. நீயே எத்தினி கேட்ட?"

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஸ்கூட்டர் உதைக்கும் சத்தம் கேட்டது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"கண்ணாலம் ஆயி அடுத்த வருசம். பட்டாளத்துக்காரன்னுதான எங்கப்பா என்னக் குடுத்தாரு. கூட இருந்தவங்க ஒருத்தர் கூட வரலியே, ஒரு கடுதாசி கூட இல்லியேன்னு நோண்டி நோண்டிக் கேட்டேன். சொல்லிட்டாரு. நான் கோவிச்சிகினு அம்மா வூட்டுக்குப் போயிட்டேன். கூப்புட வந்தப்ப எங்கண்ணன் என்னா சண்டன்னு கேட்டுது. 'தப்பு எம்மேலதான்'ன்னாரு. என்னா தப்புன்னு மட்டும் சொல்லல. நானும் சொல்லல. கெளம்பி வந்துட்டேன்." சின்னம்மாள் கல்லின் ஓரத்தை விரலால் தேய்த்தாள். "அந்த ஒண்ணத் தவுர அந்த மனுசன் வேற பொய் சொல்லி நான் பாக்கல."

வெண்மதிக்கு இன்னொன்று நினைவு வந்தது. அவள் பன்னிரண்டாவது முடித்த கோடை. முன்னாள் ராணுவத்தினருக்கென்று செக்யூரிட்டி வேலை வந்திருக்கிறது, கலியன் மனுப் போட்டால் பர்மனென்டாகிவிடும் என்று காலனியே வந்து சொன்னது. அவர் மறுத்துவிட்டார். "நாட்டுக்குச் செஞ்சதுக்குக் கூலி கேக்க மாட்டேன்" என்றார். பெரிய மனசு என்று எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அந்த வருஷம் வெண்மதி நர்சிங் சேர முடியவில்லை. இப்போது வடலூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் போட்டுக்கொடுக்கிறாள். அப்பாவின் கொள்கைக்காக விட்டுக்கொடுத்தோம் என்று இத்தனை வருஷம் அவள் நினைத்திருந்தாள். அந்த நினைப்பில் ஒரு பெருமையும் இருந்தது.

"அந்த செக்யூரிட்டி வேல..." என்று ஆரம்பித்தாள்.

"வேற ஒருத்தன் ஒழச்ச சோறு அது, நம்மளுக்கு வேணாம்னாரு. ஆனா வெளிய அப்பிடிச் சொல்ல முடியுமா? அவங்க கும்புட்டுட்டுப் போனப்பறம் ரெண்டு நாளு சாப்புடல."

வெண்மதிக்கு அப்பாவை எழுப்பி உட்கார வைத்து, முதலிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும் போலிருந்தது. திட்டுவதற்கல்ல. ஐஸ் அறையில் எத்தனை பேர் வேலை செய்தார்கள், யார் அவருக்குப் பட்டாளத்துக் கதைகளைச் சொன்னது, காலையில் பையன்களை ஓடவிட்டபோது மனதில் என்ன ஓடியது. முப்பது வருஷமாகத் தப்பான கேள்விகளையே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அருண்ராஜ் கொடியோட வரானாம்மா."

சின்னம்மாள் சட்டென்று நிமிர்ந்தாள். "கொடியப் பத்தி அவுரு ஒண்ணும் சொல்லல. கோட்டுதான் வேணாம்னாரு."

"போடலாம்ன்றியா?"

அம்மா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். "அவுருக்கு ஆசையாத்தான் இருக்கும்" என்றாள். பிறகு, "நான் நாப்பது வருசம் வாய மூடிக்கினு இருந்தேன். நீ சாயங்காலம் வரைக்கும் மூடிக்கினு இரு. அவ்ளோதான" என்று சொல்லி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அருண்ராஜ் மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்தியபோது சாமியானாவில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். யூனிஃபார்மில் விறைப்பாக இருந்தான். லீவில் வந்து மூன்று நான்கு நாள்தான் ஆகிறது. பத்து வருஷம் முன்பு கலியனின் பின்னால் கிரவுண்டைச் சுற்றிச் சுற்றி ஓடியவன். கூட வந்த இரண்டு பேரில் ஒருவன் மலர்வளையம் வைத்திருந்தான். இன்னொருவன் ஏற்கெனவே போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அருண்ராஜின் கையில், பிளாஸ்டிக் உறைக்குள் இஸ்திரி போட்டு மடித்த கொடி.

வளவன் ஓடிப்போய் அவன் தோளைக் கட்டிக்கொண்டு அழுதான். "எங்கப்பன ராஜா மாரி அனுப்பணும்டா."

வெண்மதி அந்தப் போனையே பார்த்தாள். சாயங்காலத்துக்குள் இது எத்தனை கைகளுக்குப் போகும்? எவனாவது ஒருத்தன், எந்த ரெஜிமென்ட், என்ன நம்பர் என்று கேட்பான். அவள் கேட்டது போல. அப்போது பதில் சொல்ல வேண்டியது செத்தவர் இல்லை, யூனிஃபார்மில் நிற்கிற இவன்.

"அருணு, இப்பிடிக் கொஞ்சம் வாயேன்" என்று அவனைப் பக்கவாட்டுச் சந்துக்குக் கூப்பிட்டாள். குடங்களும் வாழையிலைக் கட்டும் அங்கே இருந்தன.

"சொல்லுக்கா."

"கொடி யாருக்கெல்லாம் போடலாம்?"

அவன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். "சர்வீஸ்ல இருந்தவங்களுக்கு. அதுக்கும் முறையா வாங்கணும், எழுதிக் குடுத்து. நான் மாமாவுக்குன்னுதான்... ஏங்க்கா?"

வெண்மதி சுற்றி வளைக்கவில்லை. அம்மா சொன்ன மாதிரியே சொன்னாள்.

"அப்பா பட்டாளத்துல இல்லடா. காதுல ஓட்டன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அந்த ஏழு வருசமும் ஐஸ் கம்பெனில இருந்திருக்காரு. எனக்கே இப்பத்தான் தெரியும்."

அவன் முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. "நெசமாவா?" என்று கேட்டான். அவள் தலையசைத்தாள். அவன் கையிலிருந்த உறையைப் பார்த்தான். பிறகு சுவரைப் பார்த்தான்.

"ட்ரெயினிங் முடிச்சி மொத லீவுல வந்து அவருக்கு சல்யூட் அடிச்சேன். என் கையப் புடிச்சி எறக்கி வுட்டுட்டாரு. 'எனக்கு வேணாம்டா'ன்னாரு. எவ்ளோ அடக்கமான மனுசன்னு அங்க போயி எல்லாருகிட்டயும் சொன்னேன்." நிறுத்தினான். "அவரு சொல்லிக் குடுத்ததெல்லாம் சரியாத்தான் இருந்துச்சி. கால் வெரல ஆட்டிகினே இரு, கையி எரிஞ்சா பயப்படாத, எரியறது நின்னா பயப்படுன்னு. மேல பனிமல போஸ்டிங்ல அதான் என்னக் காப்பாத்துச்சி."

"அப்பிடியா?"

"ஆமாக்கா." அவன் குரல் திடீரென்று மாறியது. "ஆனா எங்கூட இருந்த பையன் ஒருத்தன் பனிச் சரிவுல போயிட்டான். தர்மபுரிப் பக்கம். அவங்க வூட்டுக்குக் கொடிய நான்தான் எடுத்துக்கினு போனேன். அந்தம்மா வாங்க மாட்டேன்னுட்டாங்க. கதவ சாத்திக்கினாங்க. நான் அத நெஞ்சில வெச்சிக்கினு வாசல்ல நின்னேன், கதவு தொறக்கற வரைக்கும்." அவன் உறையின் ஓரத்தை நீவினான். "இது போட முடியாதுக்கா."

"தெரியும். அதான் சொன்னேன்."

"சொல்லாம இருந்தா போட்டிருப்பேன்."

அது குற்றச்சாட்டா நன்றியா என்று அவளுக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை.

வாசலில் தப்பு அடிக்க ஆரம்பித்துவிட்டது. தண்ணீர் வார்க்க அப்பாவை வெளியே தூக்கிக்கொண்டு வந்தார்கள். வளவன் ஈர வேட்டியோடு சந்துக்குள் எட்டிப் பார்த்தான். "இங்க என்னா பண்றீங்க? வாடா, கொடியப் போடு."

அருண்ராஜ் வெண்மதியைப் பார்க்கவில்லை. நேராக வளவனைப் பார்த்து, "பெர்மிஷன் வரலண்ணே" என்றான். "இப்பதான் போன் பண்ணாங்க. மேல கேக்காம போடக் கூடாதாம். நான் யூனிஃபார்ம்ல நிக்கறதே தப்பாயிடும்."

"என்னடா இது? நாட்டுக்கு ஒழச்ச மனுசனுக்குப் பெர்மிஷனா?"

"ரூல்ஸு அப்பிடிண்ணே. கோவிச்சிக்காத."

வளவன் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டான். வெண்மதி அருண்ராஜை உற்றுப் பார்த்தாள். அவ்வளவு சுலபமாக, கண் இமைக்காமல் ஒரு பொய், அதுவும் இன்னொருவரின் மானத்துக்காக. அப்பாவும் டீக்கடையில் அப்படித்தான் நின்றிருப்பாரோ என்று ஒரு கணம் தோன்றியது. இல்லை, அது வேறு, இது வேறு. எங்கே வேறாகிறது என்று யோசிக்க இப்போது நேரம் இல்லை.

அருண்ராஜ் வெளியே போய்ப் போன் பிடித்திருந்தவனிடம் ஏதோ சொன்னான். அவன் போனைப் பையில் போட்டுக்கொண்டான். கொடியை மோட்டார் சைக்கிளின் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு அருண்ராஜ் திரும்பி வந்தான். அவன் அப்படியே கிளம்பிவிடுவான் என்று அவள் நினைத்திருந்தாள்.

"அக்கா, போட்டுக்க எதுனா குடு. காலனிக்குப் போயி மாத்திக்கினு வர நேரம் இல்ல."

அவள் பீரோவைத் திறந்தாள். மதிவாணன் ஒல்லி. அவன் சட்டை எதுவும் இவனுக்கு நுழையாது. கீழ்த்தட்டில் அப்பாவின் சட்டைகள் துவைத்து மடித்தபடி இருந்தன. அவள் கை தயங்கியது. "அப்பாவுதுதான் இருக்கு" என்றாள்.

"குடு."

அறைக்கதவைச் சாத்திக்கொண்டு மாற்றினான். வெளியே வந்தபோது அவன் மேல் அப்பாவின் நீலக்கட்டம் போட்ட அரைக்கைச் சட்டையும் மதிவாணனின் கைலியும் இருந்தன. தோள் பக்கம் இறுக்கிப் பிடித்தது. யூனிஃபார்மைச் சுருக்கமில்லாமல் மடித்து, பெல்ட்டைச் சுருட்டி அதன் மேல் வைத்து, கட்டிலின் மேல் விட்டிருந்தான்.

தெருமுனையில் சுடுகாட்டுக்குப் போகும் வண்டி நின்றது. அதுவரை தோளில்தான் தூக்கிப் போக வேண்டும் என்று மதிவாணன் சொல்லியிருந்தான். வளவன் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தான். பாடையின் பின்பக்கத்து மூங்கிலுக்கு அருண்ராஜ் தோள் கொடுத்தான். பெண்கள் கேட்டோடு நின்றுவிட்டார்கள். தப்புச் சத்தம் குவார்ட்டர்ஸ் சுவர்களில் மோதித் திரும்பியது. எதிர்வீட்டுக்காரர் மாடியிலிருந்து இறங்கி வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

சின்னம்மாளுக்கு எட்டத்துப் பார்வை போய் வெகுநாளாகிறது. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"பின்னால தூக்கிக்கினு போறது யாருடி?"

வெண்மதி குதிகாலைத் தூக்கிப் பார்த்தாள். பூவுக்குக் கீழே, கூட்டத்தின் தலைகளுக்கு நடுவே, அந்த நீலக்கட்டம் ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. இறுகிய தோள்பட்டையில் தையல் லேசாக விட்டிருந்தது.

"அருண்ராஜும்மா."

சின்னம்மாள் தலையை ஆட்டினாள். தெருமுனை திரும்பி, தப்புச் சத்தம் தேய்ந்த பிறகும் அவள் கம்பியை விடவில்லை. உள்ளே யாரோ வீட்டைக் கழுவிவிடத் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார்கள்.